சாதிக்காய் விளையும் சிறு தீவு: ரூன் கிராமத்தின் வாழ்வும் எதிர்காலமும்

பெருநாளைக்கு வட்டலப்பம் செய்யாத வீடு எம்மிடையே குறைவு. அதில் கடைசியாகச் சுரண்டிப் போடும் சாதிக்காய்க்கு ஓர் ஊர் உண்டு. மாத்தளை, கண்டி, கேகாலைப் பகுதிகளில் இன்று சாதிக்காய் மரங்கள் காய்க்கின்றன. ஆனால் அந்த மரத்தின் தாயகம் இந்தோனேசியாவின் கிழக்கே, பண்டாக் கடலில் கிடக்கும் ஒரு சில சிறு தீவுகள்தான். பல நூற்றாண்டுகளாக உலகம் முழுவதும் உண்ட சாதிக்காயும் வசவாசியும் அந்தத் தீவுகளிலிருந்து மட்டுமே வந்தன. (பண்டா என்றதும் எமக்குப் பழக்கமான சிங்களப் பெயர் ஒன்று நினைவுக்கு வரும். இரண்டுக்கும் தொடர்பில்லை.)

நான் உயர்தரத்தில் புவியியல் கற்கிறேன். இந்தோனேசியாவைப் பற்றிப் படிக்கும்போது ஜாவா, சுமாத்திரா, எரிமலைகள், எண்ணெய், இறப்பர் என்று படித்து முடித்துவிடுகிறோம். அந்த நாட்டில் 17,000க்கும் அதிகமான தீவுகள் இருக்கின்றன. அவற்றுள் ஏதாவது ஒரு சின்னஞ்சிறு தீவில், என் வயதுப் பிள்ளை ஒருத்தி எப்படி வாழ்கிறாள், அவளுக்கு முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று அறிய விரும்பினேன். பண்டாத் தீவுக் கூட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ரூன் தீவை அதற்காகவே எடுத்துக்கொண்டேன்.

ரூன் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நீளமும் ஒரு கிலோமீற்றருக்கும் குறைந்த அகலமும் கொண்டது. எமது பாடசாலை அட்லசில் அதற்கு ஒரு புள்ளிகூட இல்லை. ஜகார்த்தாவிலிருந்து 2,500 கிலோமீற்றருக்கு மேல் கிழக்கே இருக்கிறது. தலைநகரின் கடிகாரத்தை விட அங்குள்ள கடிகாரம் 2 மணித்தியாலம் முந்தி ஓடுகிறது. எம்முடைய நேரத்தை விட மூன்றரை மணித்தியாலம் முந்தியது. நாம் ஸுபஹுக்கு எழும்பும் வேளையில் அங்கு பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள்.

அங்கே போக விரும்புபவர் முதலில் மலுக்கு மாகாணத்தின் தலைநகரான அம்பொனுக்குப் போக வேண்டும். அம்பொனிலிருந்து பண்டா நெய்ராத் தீவு ஏறக்குறைய 200 கிலோமீற்றர். அரசாங்கத்தின் பெரிய பயணிகள் கப்பல் சில நாட்களுக்கு ஒருமுறை வரும். சிறிய விமானமும் உண்டு, ஆனால் அதில் ஆசனங்கள் மிகக் குறைவு. நெய்ராவில் இறங்கிய பிறகு மரத்தாலான இயந்திரப் படகில் ஏறி, மேற்கே 20 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமாகக் கடலில் செல்ல வேண்டும். வழியில் ஆய் என்ற தீவு வரும். அதையும் தாண்டினால்தான் ரூன். காலையில் ரூன் மக்கள் மீனையும் சாதிக்காயையும் ஏற்றிக்கொண்டு நெய்ராச் சந்தைக்கு வருவார்கள். அரிசி, சீனி, எரிபொருள், சவர்க்காரம் முதலியவற்றை வாங்கிக்கொண்டு பகல் திரும்புவார்கள். பருவக்காற்று பலமாக வீசும் மாதங்களில் இந்தப் பயணம் நின்றுபோவதுண்டு. அப்போது கிராமம் தன்னிடம் உள்ளதைக் கொண்டுதான் சமாளிக்க வேண்டும்.

தீவில் ஆறு இல்லை, அருவி இல்லை. மழைநீரைத் தொட்டிகளில் சேர்த்துத்தான் குடிக்கவும் சமைக்கவும் வுழூச் செய்யவும் வேண்டும். வரட்சி நீண்டால் தண்ணீரும் படகில் வரும். 400 ஆண்டுகளுக்கு முன் இந்தத் தீவில் அகப்பட்டுக்கொண்ட ஆங்கிலேயருக்கும் இதே கஷ்டம்தான் இருந்தது. அந்த வரலாற்றைச் சொல்லாமல் ரூனைப் பற்றி எழுத முடியாது, அதனால் கொஞ்சம் பின்னோக்கிப் போகிறேன்.

ஐரோப்பியர் வருவதற்கு முன்பே பண்டாவின் சாதிக்காய் ஜாவா, மலாக்கா வணிகர்கள் கையிலும், பின்பு குஜராத்தியர், அரபியர் கையிலும் மாறி மாறி மேற்குக்குச் சென்றது. வணிகர்களோடு இஸ்லாமும் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தீவுகளுக்கு வந்தது. பண்டாவுக்கு அரசர் இருக்கவில்லை. ‘ஒராங் காயா’ எனப்பட்ட ஊர்ப் பெரியவர்கள் கூடித் தீர்மானம் எடுத்தார்கள். சாதிக்காயை யாருக்கு விற்பது, என்ன விலைக்கு விற்பது என்பதும் அவர்கள் தீர்மானத்தில்தான் இருந்தது. 1512இல் போர்த்துக்கேயர் வந்தார்கள். பிறகு ஒல்லாந்தர் வந்து, எமக்கு மட்டும்தான் விற்க வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதினார்கள். ரூன் மக்கள் அதை விரும்பாமல் ஆங்கிலேயரின் பக்கம் சாய்ந்தார்கள். 1616 டிசம்பரில் நதானியேல் கோர்ட்ஹோப் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர் சிறு படையோடு ரூனில் இறங்கி, ஒல்லாந்தரின் முற்றுகைக்குள் நான்கு வருடங்கள் தாக்குப்பிடித்தார். 1620இல் கடலில் வைத்துச் சுடப்பட்டு இறந்தார்.

அடுத்த வருடம் நடந்தது இன்னும் கொடியது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் ஆளுநர் நாயகம் யான் பீட்டர்சோன் கூன் 1621இல் பெரும் படையோடு வந்து பண்டாத் தீவுகளைக் கைப்பற்றினார். ஒராங் காயாக்கள் 44 பேர் நெய்ராவில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஏறக்குறைய 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் ஓர் ஆயிரம் பேர் அளவில்தான் எஞ்சினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். கொல்லப்பட்டவர்கள், பட்டினியால் இறந்தவர்கள், அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள், தப்பி ஓடியவர்கள் எல்லாரும் அந்தக் கணக்கில் அடக்கம். தப்பியவர்களில் ஒரு பகுதியினர் கிழக்கே கெய் தீவுகளில் குடியேறினார்கள். பழைய பண்டா மொழி இன்று அங்கேதான் பேசப்படுகிறது, பண்டாவில் இல்லை. வெறுமையான நிலத்தை ஒல்லாந்தர் 68 தோட்டங்களாகப் பிரித்து, அடிமைகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள்.

ரூனுக்கு அந்தத் தோட்டங்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆங்கிலேயர் மீண்டும் உரிமை கேட்டு வந்துவிடக் கூடாது என்பதற்காக அங்கிருந்த சாதிக்காய் மரங்களை ஒல்லாந்தர் வெட்டி அழித்தார்கள். 1667இல் பிரேடா ஒப்பந்தம் கைச்சாத்தானது. ரூனைக் கொடுத்து ஆங்கிலேயர் மன்ஹாட்டனை வாங்கினார்கள் என்று இதை ஒரு கைமாற்று வியாபாரம் போலச் சொல்வது வழக்கம். உண்மையில், போர் முடிந்தபோது யார் எதை வைத்திருந்தார்களோ அதை அவரவரே வைத்துக்கொள்வது என்றுதான் ஒப்பந்தம் சொன்னது. ரூன் ஒல்லாந்தரிடம் இருந்தது. மன்ஹாட்டனில் இருந்த புதிய அம்ஸ்டர்டாமை ஆங்கிலேயர் 1664இலேயே பிடித்து நியூ யோர்க் என்று பெயர் மாற்றியிருந்தார்கள். எப்படிச் சொன்னாலும் ஒரு விடயம் மாறாது. இரண்டு தீவுகளிலும் வாழ்ந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

எமக்கும் இந்தக் கதையில் ஒரு சிறு பங்கு உண்டு. அதே கொம்பனிதான் இலங்கையின் கரையோரத்தையும் ஆண்டது. அது படைவீரர்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் இத்தீவுக் கூட்டங்களிலிருந்து கொண்டுவந்த மக்களின் வழித்தோன்றல்களே எம்மிடையே வாழும் மலாய் சமூகத்தினர். வட்டலப்பமும் அவர்கள் வழியாகவே எமக்குக் கிடைத்தது என்பர். 1796 பெப்ரவரியில் கொழும்பு ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அடுத்த மாதமே பண்டா நெய்ராவும் சரணடைந்தது. பண்டா தம் கையில் இருந்த காலத்தில் ஆங்கிலேயர் சாதிக்காய்க் கன்றுகளைப் பினாங்குக்கும் சுமாத்திராவின் பெங்கூலுவுக்கும் இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். பிறகு அது கரீபியன் கடலின் கிரனடாத் தீவுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த நாட்டின் தேசியக் கொடியிலேயே சாதிக்காய் இருக்கிறது. பண்டாவுக்கு மட்டும் உரியதாக இருந்த ஒன்று அத்தோடு எல்லாருக்கும் உரியதாகிவிட்டது.

இன்று ரூனில் வாழும் மக்கள் பழைய பண்டா மக்களின் நேர் வாரிசுகள் அல்லர். சுலவேசிக்குத் தென்கிழக்கே உள்ள பூத்தோன் தீவு முதலிய இடங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளே பெரும்பாலானோர். எல்லாரும் முஸ்லிம்கள் என்றே சொல்லலாம். இறங்குதுறையிலிருந்து மேட்டுக்குப் படிகள் ஏறுகின்றன. வீடுகள் அடுக்கடுக்காக, நெருக்கமாக இருக்கின்றன. பள்ளிவாசல் இருக்கிறது. வெட்டப்பட்ட இடத்தில் சாதிக்காய் மரங்கள் மறுபடி வளர்ந்திருக்கின்றன. அவற்றுக்கு நிழல் கொடுப்பதற்காக கெனாரி என்னும் பெரிய மரங்கள் நிற்கின்றன. கெனாரிக் கொட்டையை வாதுமைப் பருப்புப் போல் உண்பார்கள், இடித்துக் குழம்புக்கும் போடுவார்கள்.

சாதிக்காய் வேலை பொறுமையான வேலை. நீண்ட மூங்கில் கழியின் நுனியில் சிறு கூடை கட்டி, பழுத்து வெடித்த பழத்தை மட்டும் பார்த்துப் பறிப்பார்கள். மஞ்சள் நிறத் தோலைப் பிளந்தால் உள்ளே செந்நிற வலை போன்ற உறை கொட்டையைப் பற்றிக்கொண்டிருக்கும். அதுதான் வசவாசி. அதைக் கிழியாமல் உரித்துப் பாயில் பரப்பிக் காயவைப்பது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் செய்யும் வேலை. கொட்டையை வெயிலிலோ மெல்லிய புகையிலோ பல வாரங்கள் காயவைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்தால் உள்ளே பருப்பு சுருங்கி, குலுக்கும்போது கடகடவென்று ஒலிக்கும். அதன் பிறகுதான் ஓட்டை உடைக்கலாம்.

பறித்தாயிற்று, காயவைத்தாயிற்று. இனி விலை. கிராமத்துக்கு வரும் அல்லது நெய்ராவில் இருக்கும் சேகரிப்பு வியாபாரி ஒரு விலை சொல்வார். அவருக்கு அம்பொனில் உள்ளவர் சொல்கிறார். அம்பொனில் உள்ளவருக்கு ஜாவாவின் சுராபாயாவில் உள்ள ஏற்றுமதியாளர் சொல்கிறார். அவருக்கு ஐரோப்பாவில் வாங்குபவர் சொல்கிறார். 2004இல் ஐவன் சூறாவளி கிரனடாவின் சாதிக்காய் மரங்களில் பெரும்பாலானவற்றைச் சாய்த்துவிட்டது. உலகச் சந்தையில் சாதிக்காய் விலை ஏறியது. ஒரு கரீபியன் புயலால் பண்டாக் கடலில் உள்ள ஒரு பொருளின் விலை மாறுகிறது. இது நல்ல பக்கம் மாறியது, கெட்ட பக்கமும் மாறலாம். இந்தோனேசியாவே உலகின் மிகப் பெரிய சாதிக்காய் உற்பத்தி நாடு என்றாலும், இன்று அதன் பெரும்பகுதி வட சுலவேசி, வட மலுக்கு, அச்சே போன்ற இடங்களிலிருந்து வருகிறது. தாயகமான பண்டாவின் பங்கு சிறியது. ஆகவே பண்டா விவசாயி விற்க மறுத்தாலும் சந்தை அதைக் கவனிக்காது. ஒராங் காயாக்களின் காலத்தில் இருந்த பேரம் பேசும் பலம் இப்போது இல்லை.

தரம் என்று ஒன்றும் இருக்கிறது. சாதிக்காய் சரியாகக் காயாமல் ஈரம் பிடித்தால் ஒருவகைப் பூஞ்சை வளர்ந்து அஃப்ளடொக்சின் என்ற நச்சைச் சுரக்கும். ஐரோப்பிய ஒன்றியம் வாசனைத் திரவியங்களில் ஒரு கிலோகிராமுக்கு மொத்தம் 10 மைக்குரோகிராமுக்கு மேல் இந்த நச்சு இருக்கக் கூடாது என்கிறது. இந்தோனேசியச் சாதிக்காய் இதனால் பலமுறை சிக்கலுக்குள்ளாகியிருக்கிறது. விழுந்து கிடக்கும் பழத்தைப் பொறுக்காமல் மரத்திலிருந்து பறிப்பது, தரையில் அல்லாமல் உயர்ந்த தட்டில் காயவைப்பது, மழைக்காலத்தில் கூரையுள்ள உலர்த்தும் கூடத்தைப் பயன்படுத்துவது ஆகியவை பெரிய தொழில்நுட்பங்கள் அல்ல. ஆனால் கூடம் கட்ட யாராவது பணம் போட வேண்டும். நன்றாகக் காய்ந்த கொட்டைக்கும் அரைகுறையாகக் காய்ந்ததற்கும் வியாபாரி ஏறத்தாழ ஒரே விலை கொடுத்தால் யார் எட்டு வாரம் காத்திருப்பார்கள்? அடுப்பில் அரிசி வேண்டியிருக்கும்போது நாளைக்கே விற்பதுதான் நியாயமாகத் தெரியும். இதில் விவசாயியைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

மீனிலும் இதே கதைதான், காரணம் மட்டும் வேறு. பண்டாக் கடலில் சூரை மீன் வளம் நிறைய. ஆனால் ரூனில் நீண்ட காலமாக டீசல் மின்பிறப்பாக்கி இரவில் சில மணித்தியாலங்கள்தான் ஓடியது. பகலில் மின்சாரம் இல்லாவிட்டால் குளிர்சாதனப் பெட்டி இல்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லாவிட்டால் ஐஸ் இல்லை. ஐஸ் இல்லாவிட்டால் பிடித்த மீனை அன்றே விற்க வேண்டும், அல்லது உப்பிட்டோ புகைபோட்டோ காயவைக்க வேண்டும். நல்ல விலை கிடைக்கும் பெரிய சூரை மீன் பச்சையாக, குளிரில் போக வேண்டிய பொருள். நாம் மின்சாரம் என்றால் விளக்கு, தொலைக்காட்சி என்று நினைக்கிறோம். இத்தகைய தீவில் மின்சாரம் என்பது முதலில் மீனின் விலை. அதனால்தான் சிறு தீவுகளுக்குச் சூரிய மின்கலங்களைக் கொண்டுபோவது பற்றிய பேச்சு எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரவு விளக்கோடு நின்றுவிடும் மின்சாரத் திட்டம் பாதித் திட்டம்தான்.

பெண்களுக்கு வருமானம் தரக்கூடிய இன்னொரு பொருள் அங்கே குப்பையில் கிடக்கிறது. சாதிக்காய்ப் பழத்தின் எடையில் பெரும்பகுதி அதன் சதைதான். கொட்டையையும் வசவாசியையும் எடுத்தபின் சதையைப் பெரும்பாலும் வீசிவிடுவார்கள். அதைச் சீனியில் ஊறவைத்து, ‘மானிசான் பாலா’ என்ற இனிப்பாகவும், ஜாமாகவும், பாணியாகவும் செய்து நெய்ராவிலும் அம்பொனிலும் விற்கிறார்கள். எம்மூரில் இஞ்சித் தொதல், பூசணி இனிப்பு செய்வதை நினைத்துக்கொண்டால் அதைப் புரிந்துகொள்ளலாம். மூலப்பொருளுக்குச் செலவே இல்லை. ஆனால் சீனி படகில் வர வேண்டும், போத்தல் படகில் வர வேண்டும். வீட்டுத் தயாரிப்பைக் கடையில் விற்க மாவட்ட சுகாதார அலுவலகத்தின் அனுமதி இலக்கம் வேண்டும். ரூன் மத்திய மலுக்கு மாவட்டத்துக்கு உரியது. அந்த மாவட்டத்தின் தலைநகரம் செராம் தீவில் உள்ள மசோகி. அதாவது ரூனிலிருந்து நெய்ராவுக்குப் படகு, நெய்ராவிலிருந்து அம்பொனுக்குக் கப்பல், அம்பொனிலிருந்து செராமுக்கு மீண்டும் படகு. தன் சொந்த மாவட்ட அலுவலகத்துக்குப் போக ஒருவர் மூன்று கடற்பயணம் செய்ய வேண்டும்! ஜாம் விற்றுக் கிடைக்கும் காசு அந்தப் பயணச் செலவுக்குப் போதுமா என்பது வேறு கேள்வி.

சுற்றுலா பற்றி எல்லாரும் நம்பிக்கையோடு பேசுகிறார்கள். தெளிந்த கடல், பவளப் பாறைகள், ‘மன்ஹாட்டனுக்கு மாற்றாகக் கொடுத்த தீவு’ என்ற கதை, இவை எல்லாம் வெளிநாட்டவரை ஈர்க்கக் கூடியவைதான். பண்டாத் தீவுகள் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைக்கான தற்காலிகப் பட்டியலிலும் உள்ளன. ஆனால் பயணிகள் பெரும்பாலும் நெய்ராவில் தங்கி, கடல் அமைதியான மாதங்களில் ஒருநாள் ரூனுக்குப் படகில் வந்து, முக்குளித்துவிட்டு மாலையில் திரும்பிவிடுகிறார்கள். தங்கும் பணமும் சாப்பாட்டுப் பணமும் நெய்ராவில் நிற்கின்றன. மேலும் சுற்றுலா ஒரே இரவில் மறையக்கூடியது. 1999இல் அம்பொனில் வெடித்த இனமதக் கலவரம் பண்டாவையும் தொட்டது. அங்கு வாழ்ந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் வெளியேறின, பயணிகள் பல வருடங்கள் வரவில்லை. அத்தகைய நாட்கள் எப்படி இருக்கும் என்று எம் நாட்டவருக்கு விளக்கத் தேவையில்லை.

இனி நான் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். என் வயதுப் பிள்ளைக்கு அங்கே என்ன இருக்கிறது?

இந்தோனேசியாவில் ஆரம்பப் பாடசாலை 6 வருடம், இடைநிலை 3 வருடம், அதற்கு மேல் எமது உயர்தரத்தோடு ஒப்பிடக்கூடிய மேல்நிலை 3 வருடம். சிறு தீவுப் பிள்ளைகள் ஒவ்வொரு படிக்கும் ஒரு கடலைத் தாண்ட வேண்டியிருக்கிறது. மேல்நிலைக்கு நெய்ரா அல்லது அம்பொன். 15, 16 வயதில் வீட்டைவிட்டு, உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்கிப் படிக்க வேண்டும். மகனை அனுப்பும் பெற்றோர் மகளை அனுப்ப இருமுறை யோசிப்பார்கள் என்பதை எமது பெற்றோர்களே ஒப்புக்கொள்வார்கள். பல்கலைக்கழகம் என்றால் அம்பொனில் பத்திமுரா பல்கலைக்கழகம் இருக்கிறது. இப்போது நுழைவுப் பரீட்சை கணினியில் நடக்கிறது. பரீட்சை நிலையங்கள் நகரங்களில். கடல் கொந்தளிக்கும் வாரத்தில் பரீட்சை வந்தால் முன்கூட்டியே புறப்பட்டு அங்கே காத்திருக்க வேண்டியதுதான்.

கல்வி விடயத்தில் பண்டாவுக்கு ஒரு அழகான முன்னுதாரணம் இருக்கிறது. சுதந்திரத்துக்காகப் போராடிய முகம்மது ஹத்தாவையும் சுத்தான் ஷாரிரையும் ஒல்லாந்த அரசு 1936இல் நெய்ராவுக்கு நாடுகடத்தியது. பிற்காலத்தில் ஹத்தா நாட்டின் முதல் துணை ஜனாதிபதியானார், ஷாரிர் முதல் பிரதமரானார். நெய்ராவில் இருந்த 6 வருடங்களில் அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஹத்தா பெட்டி பெட்டியாகப் புத்தகங்களோடு வந்திறங்கினார். தீவுப் பிள்ளைகளைச் சேர்த்துப் பிற்பகல் வகுப்பு நடத்தினார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவரான டெஸ் அல்வி பின்னர் இராஜதந்திரியானார். 2010இல் இறக்கும்வரை பண்டாவின் முன்னேற்றத்துக்காகவே உழைத்தார். இன்று ஹத்தா, ஷாரிர் பெயர்களில் அங்கு இரு தீவுகள் இருக்கின்றன. அவர்கள் பெயரில் நெய்ராவில் உயர்கல்வி நிறுவனமும் உருவானது. மீன்பிடியும் ஆசிரியப் பயிற்சியும் அதன் துறைகள். அம்பொன் போகாமலே படிக்கலாம் என்பது, மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு, வேறு எந்தச் சலுகையையும் விடப் பெரியது என்று நினைக்கிறேன்.

ஆனால் படித்து முடித்தவர் திரும்பி வருவாரா? கல்வி பெரும்பாலும் வெளியே போவதற்கான படகுச் சீட்டாகவே இருக்கிறது. நான் பார்த்த வரையில், படித்த ஒரு பெண் ரூன் போன்ற கிராமத்தில் செய்யக்கூடிய வேலைகள் மூன்றுதான்: ஆசிரியை, கிராம அலுவலக உத்தியோகம், மருத்துவமாது. 1989இலிருந்து இந்தோனேசிய அரசு ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு மருத்துவமாதை அனுப்பும் திட்டத்தை நடத்துகிறது. நகரத்திலிருந்து அனுப்பப்படுபவர் தனிமை தாங்காமல் மாற்றம் கேட்பது இயல்பு. பிரசவ வலி இரவில் வந்தால், கடல் கொந்தளிப்பாக இருந்தால், நெய்ராவுக்குப் படகு எடுக்க முடியாது. அந்த இரவில் ஊரில் மருத்துவமாது இருக்கிறாரா இல்லையா என்பதுதான் முழு வித்தியாசம். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த பெண்ணே அந்தப் பயிற்சியைப் பெற்றுத் திரும்பினால் அவர் தங்குவதற்கு வாய்ப்பு அதிகம். வீடு இருக்கிறது, உம்மா வாப்பா இருக்கிறார்கள், கடலின் குணம் தெரியும். ஆசிரியைக்கும் இது பொருந்தும். ஆனால் நிரந்தர நியமனம் இல்லாத ஆசிரியர்களுக்கு அந்த நாட்டில் மிகக் குறைந்த சம்பளம் என்பதால், ஆசை இருந்தும் பலரால் நிற்க முடிவதில்லை.

2014இல் கொண்டுவந்த கிராமச் சட்டத்தின்படி அடுத்த வருடத்திலிருந்து ஒவ்வொரு கிராமத்துக்கும் தேசிய வரவுசெலவுத் திட்டத்திலிருந்து நேரடியாக நிதி போகிறது. எதற்குச் செலவிடுவது என்பதைத் தீர்மானிப்பதில் கிராமக் கூட்டத்துக்கும் பங்கு உண்டு. பெரும்பாலான கிராமங்களில் அது முதலில் பாதையாகவும் மதிலாகவும் படித்துறையாகவும் மாறுகிறது. கொங்கிரீட் கண்ணுக்குத் தெரியும், கணக்குக் காட்டுவதும் எளிது. ரூன் அளவுள்ள ஊருக்கு என்னிடம் கேட்டால், முதல் வருடம் மழைநீர்த் தொட்டி, இரண்டாம் வருடம் கூரையுள்ள உலர்த்தும் கூடம், அதன் பின் நெய்ராவிலும் அம்பொனிலும் படிக்கும் ஊர்ப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள் தங்க ஒரு வீடு என்பேன். கேட்க யாரும் வரப்போவதில்லை, ஆனாலும் அந்த வரிசையை நான் யோசித்தே எழுதுகிறேன். உலர்த்தும் கூடம் ஊருக்குச் சொந்தமாக இருந்தால் பல வீட்டுச் சாதிக்காயை ஒரே தரத்தில் சேர்த்து மூட்டையாக விற்கலாம். ஒரு வீடு பத்துக் கிலோவோடு போய் நிற்பதற்கும் ஓர் ஊர் பல நூறு கிலோவோடு போய் நிற்பதற்கும் வியாபாரி ஒரே விலை சொல்ல மாட்டார்.

இளைஞர்கள் ஊரில் நிற்பார்களா என்ற கேள்விக்கு அந்த மரத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது. சாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதையிலிருந்து முளைத்த கன்று எது என்பது அது பூக்கும் வரையில் தெரியாது. அதற்கு 6, 7 வருடங்களாவது ஆகும். முழுமையாகக் காய்க்க 20 வருடம் வேண்டும். மகள் முதலாம் வகுப்பில் சேரும்போது வாப்பா நட்ட கன்று, அவள் இடைநிலைப் பாடசாலையில் இருக்கும்போதுதான் பூக்கத் தொடங்கும். ஆணென்று தெரிந்தால் சில மரங்களை மட்டும் மகரந்தத்துக்காக விட்டுவிட்டு மற்றவற்றை வெட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து நட வேண்டும். நன்றாகக் காய்க்கும் பெண் மரத்திலிருந்து ஒட்டுக்கன்று எடுத்து நட்டால் இந்தக் காத்திருப்புக் குறையும், ஆண் மரமாகிவிடும் பயமும் இல்லை. ஒட்டுவதற்கு ஒரு கூரிய கத்தியும் பழகிய கையும் போதும். மாவட்டத் தலைநகருக்கு மூன்று கடல் தாண்டிப் போகாமல், நெய்ராவில் ஒரு வாரப் பயிற்சியில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை அது.